போன டாக்டர்களும் இருந்த டாக்டர்களும்

"நம்ம வரிப்பணத்தில் படித்துவிட்டு வெள்ளைக்காரனுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விடுகிறார்கள்." டாக்டர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வயதுக்காரர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்கிறவரின் தங்கை மகன் டெக்சாஸில் டாக்டராக இருப்பான் என்பது வேறு விஷயம். அவனைப் பற்றிப் பேசும்போது பெருமை. அடுத்த தெருப் பையனைப் பற்றிப் பேசும்போது நன்றி கெட்டவன்.

நான் டாக்டர் இல்லை. தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் 1971-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். இடையில் மாறுதலில் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே வந்து, 2008-இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பல வருடங்கள் மாணவர் பிரிவு என் கையில் இருந்தது. வெளிநாடு போக நினைக்கிற எந்த டாக்டரும் அந்த மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும். மதிப்பெண் பட்டியல், டிரான்ஸ்கிரிப்ட், நன்னடத்தைச் சான்று, ஹவுஸ் சர்ஜன் முடித்த சான்று என்று ஒரு கட்டுக் காகிதம். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, டீன் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு, அரக்கு வைத்து முத்திரை குத்தி, ஏர்மெயிலில் அனுப்ப வேண்டும். தபால் பதிவேட்டைப் புரட்டினாலே எந்த வருடம் எந்த நாட்டுக்கு உறைகள் அதிகம் போயின என்று தெரிந்துவிடும்.

அந்த உறைகள் ஏன் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கும், ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கும், ஒரு காலத்தில் அரபு நாடுகளுக்கும் போயின? ஏன் சில பேர் உறையே கேட்கவில்லை? வேலையில் இருந்தபோது இதை யோசிக்க நேரமில்லை. ஓய்வுக்குப் பிறகு இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததும் பார்த்ததும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்.எம்.பி. டாக்டர் ஏன் ஊரிலேயே இருந்தார்?

நம்மில் பலருக்கு எல்.எம்.பி. டாக்டர்களை நினைவிருக்கும். சிவப்பு மிக்ஸ்சர், பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டி ஒட்டிய காகிதம், உள்ளே மருந்து கலக்கும் கம்பவுண்டர். பள்ளிப்படிப்புக்குப் பிறகு மருத்துவப் பள்ளியில் சில வருடங்கள் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் இவர்கள். எம்.பி.பி.எஸ். என்பது கல்லூரிப் பட்டம். எல்.எம்.பி. என்பது பட்டம் அல்ல, தொழில் செய்ய உரிமம்.

1946-இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, அன்றைய இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர்கள் ஏறத்தாழ 47,500 பேர் என்றும், அதில் ஏறத்தாழ 30,000 பேர் இந்த லைசென்ஸ் பெற்றவர்கள் என்றும் சொன்னது. அதாவது மூன்றில் இரண்டு டாக்டர்கள் எல்.எம்.பி. போன்றவர்கள்தான். சிற்றூர்களிலும் தாலுகா ஊர்களிலும் வைத்தியம் பார்த்ததும் பெரும்பாலும் அவர்களே.

அவர்கள் எல்லாரும் தியாகிகளா? அவர்களுடைய சான்றிதழை லண்டனில் யாரும் மதிக்கவில்லை. பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஏற்றுக்கொண்டது பல்கலைக்கழகப் பட்டத்தை மட்டுமே. எம்.பி.பி.எஸ். என்பது ஒரு வகையில் பாஸ்போர்ட். எல்.எம்.பி. ஊர் எல்லைக்குள் செல்லும் பஸ் டிக்கெட். இருந்தவர்கள் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பாஸ்போர்ட்டுக்கும் ஒருமுறை ஆபத்து வந்தது. இங்கே பிரசவப் பயிற்சியின் தரம் போதாது, அதைச் சோதித்துப் பார்க்க வழியும் இல்லை என்ற தகராறில், 1930-இல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை அந்தக் கவுன்சில் நிறுத்தியது. இங்கே பெரிய கொந்தளிப்பு. 1933-இல் இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம் வந்தது. 1936-இல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. நம் நாட்டு மருத்துவக் கல்வியை மேற்பார்வையிட ஓர் அமைப்பு உருவானதன் பின்னணியில், லண்டன் நம் பட்டத்தை ஏற்குமா என்ற கவலையும் இருந்தது. அந்தச் சட்டம் லைசென்ஸ் டாக்டர்களைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை.

போர் கமிட்டி, இனிமேல் ஒரே வகை டாக்டர்தான், எல்லாரும் எம்.பி.பி.எஸ். படிக்கட்டும் என்றது. கமிட்டிக்குள்ளேயே சிலர் மறுத்தார்கள். கிராமத்துக்கு யார் போவார்கள் என்பது அவர்கள் கேள்வி. மறுத்தவர்கள் தோற்றார்கள். மருத்துவப் பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன, அல்லது கல்லூரிகளாயின. சென்னை ராயபுரத்து மருத்துவப் பள்ளி அதற்கு முன்பே 1938-இல் ஸ்டான்லி கல்லூரியாகிவிட்டது. நோக்கம் நல்லதுதான். ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்று இருக்கக் கூடாது என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் அதன் பிறகு படித்து வெளியே வந்த ஒவ்வொரு டாக்டர் கையிலும் கடல் தாண்டும் ஒரு பாஸ்போர்ட் இருந்தது.

மூன்று பவுண்டும் இங்கிலாந்தும்

அந்தக் காலத்து டாக்டர் பெயர்ப் பலகைகளை நினைத்துப் பாருங்கள். எப்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.பி. என்று போட்டு, பக்கத்தில் லண்டன் அல்லது எடின்பரோ என்று சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய பதவி வேண்டுமானால் சீமைப் படிப்பு வேண்டும் என்பது வெள்ளைக்காரன் வைத்த வழக்கம். அவன் போன பிறகும் வழக்கம் போகவில்லை. ஆகவே 1950-களில் இங்கிலாந்து போன நம் டாக்டர்கள் குடியேறப் போகவில்லை. இரண்டு வருடம், மூன்று வருடம், ஒரு பட்டம், பிறகு ஊர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களில் இங்கிலாந்து போய்ப் படித்துத் திரும்பினார். போவதும் திரும்புவதும் ஒரே பயணத்தின் இரண்டு பாதிகளாக இருந்த காலம் அது.

பிறகு என்ன நடந்தது? இங்கே நடந்ததைவிட அங்கே நடந்ததுதான் முக்கியம். 1948 ஜூலையில் பிரிட்டன் எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. 1957-இல் வில்லிங்க் கமிட்டி என்ற ஒன்று, நாட்டில் டாக்டர்கள் அதிகமாகிவிடுவார்கள், மாணவர் சேர்க்கையை ஏறக்குறைய 10 சதவீதம் குறையுங்கள் என்று பரிந்துரைத்தது. அந்தக் கணக்கு தப்பாகிப் போனது. மக்கள்தொகை கூடியது, தேவை கூடியது, அவர்களுடைய டாக்டர்களே கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பினார்கள். காலி இடங்களில் போய் நின்றவர்கள் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். இந்திய, பாகிஸ்தானிய இளம் டாக்டர்கள் வராவிட்டால் சேவையே சரிந்திருக்கும் என்று 1961-இல் அவர்களுடைய பிரபுக்கள் சபையிலேயே கோஹன் பிரபு சொன்னார். 1962-இல் காமன்வெல்த் நாட்டவர் வருகைக்குக் கட்டுப்பாடு போட்டு சட்டம் கொண்டுவந்தபோதும், டாக்டர்களுக்கு வேலை வவுச்சர் கிடைத்துவந்தது. முன்கதவைச் சாத்திவிட்டு, டாக்டருக்கு மட்டும் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்த மாதிரி.

நம் பக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளிநாடு போகிறவன் கையில் எடுத்துப்போக அனுமதித்தது மூன்று பவுண்டு. பிறகு அமெரிக்கா போனவர்கள் சொல்வது எட்டு டாலர். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டு, ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயானது. இங்கே வாங்கும் சம்பளத்தை அந்த நாட்டுக் காசாக மாற்றிப் பார்த்த பையனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் காசு மட்டும் காரணம் என்றால் போனவர்கள் அங்கே சுகப்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இருதயம், அறுவை சிகிச்சை என்று கனவோடு போனவர்களில் பலருக்குக் கிடைத்தது முதியோர் வார்டும் மனநோய் மருத்துவமனையும். உள்ளூர் டாக்டர்கள் வேண்டாம் என்று தள்ளிய துறைகள் அவை. மேல் பதவிக்கு வழி அடைபட்டதும், பலர் பொது மருத்துவர்களாகச் சிறு ஊர்களில் உட்கார்ந்தார்கள். வேல்ஸ் நாட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலும், வட இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்களிலும் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் நம்மவர்கள். சுகாதார சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் பிறந்ததும் அப்படி ஒரு சுரங்கத்து ஊரில்தான். அவர் ஊர்த் தொழிலாளியின் நெஞ்சுச் சளிக்கு மருந்து எழுத நம் ஊர்ப் பையன் போக வேண்டியிருந்தது. அதாவது, நம் கிராமத்துக்குப் போகாத டாக்டர் அவர்கள் கிராமத்துக்குப் போனார்.

இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். கிராமம் பிடிக்காமல் போனார்கள் என்று சொல்வது சரியாகப் படவில்லை. அந்தக் கிராமத்தில் தண்ணீர் வந்தது, மின்சாரம் இருந்தது, மருந்து இருந்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

போட் மெயிலும் அமெரிக்கத் தேர்வும்

நான் வேலைக்குச் சேர்ந்த நேரத்தில் காற்று அமெரிக்கப் பக்கம் திரும்பியிருந்தது. 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. அதுவரை ஐரோப்பியருக்குச் சாதகமாக இருந்த நாட்டுவாரி ஒதுக்கீடு போய், தொழில் திறமை உள்ளவர்களுக்கு முன்னுரிமை வந்தது. அதே வருடம் முதியோருக்கும் ஏழைகளுக்குமான மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்களும் சட்டமாயின. கோடிக்கணக்கானவர்கள் புதிதாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். வியட்நாம் போருக்கும் டாக்டர்கள் தேவைப்பட்டார்கள். சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் நகர்ப்புற ஆஸ்பத்திரிகளில் இரவு டியூட்டி பார்க்க ஆள் வேண்டும்.

அதற்கு ஒரு தேர்வு உண்டு. வெளிநாட்டில் படித்த டாக்டர்களைச் சோதிப்பதற்கென்றே 1956-இல் அமெரிக்காவில் ஈ.சி.எப்.எம்.ஜி. என்ற அமைப்பு ஏற்பட்டது. டாக்டர்கள் வெளியேறுவதைப் பார்த்துக் கவலைப்பட்ட நம் அரசு, ஒரு கட்டத்தில் அந்தத் தேர்வை இங்கே நடத்த விடவில்லை. பையன்கள் விட்டார்களா? கொழும்புக்குக் கிளம்பினார்கள். எழும்பூரிலிருந்து வரும் போட் மெயிலில் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு இலங்கை ரயிலில் கொழும்பு. தேர்வு எழுதி, கையோடு அம்மாவுக்கு ஒரு சேலையும் சோப்புக் கட்டியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். தடை போட்டதால் தேர்வு எழுதுவது குறையவில்லை. கொழும்புக்குப் போக வசதி உள்ளவன் எழுதினான், இல்லாதவன் எழுதவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கதவு சாத்தியது யார்?

1975-ஆம் வருடம் எங்கள் அலுவலகத்தில் நன்றாக நினைவிருக்கிறது. இந்தியப் பட்டங்களுக்கு அதுவரை கொடுத்துவந்த நேரடி அங்கீகாரத்தை பிரிட்டன் அந்த வருடம் விலக்கிக்கொண்டது. இனி ஆங்கிலத்திலும் மருத்துவத்திலும் தனித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். பின்னாளில் பிளாப் என்று பெயர் பெற்றது இதுதான். அடுத்த வருடமே, 1976-இல், அமெரிக்கா தன்னிடம் இனி டாக்டர் பற்றாக்குறை இல்லை என்று சட்டத்திலேயே எழுதி, வெளிநாட்டு டாக்டர்கள் வருவதற்குக் கடுமையான நிபந்தனைகள் விதித்தது. உறைகள் குறைந்தன. எங்கள் தபால் பதிவேட்டில் அரபு நாட்டு முகவரிகளும் ஈரான் முகவரிகளும் தலைகாட்டின. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதில் அங்கே புது ஆஸ்பத்திரிகள் முளைத்தன, ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

1974-இல் படித்த பையனைவிட 1977-இல் படித்த பையனுக்கு நாட்டுப்பற்று அதிகம் என்று சொல்ல முடியுமா? இரண்டு பேரும் ஒரே விடுதிச் சாப்பாடு சாப்பிட்டவர்கள், ஒரே சினிமா பார்த்தவர்கள். அண்ணன் போனான், தம்பி இருந்தான். நடுவில் யாரோ இரண்டு நாடாளுமன்றங்களில் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். டாக்டர் போனதையும் இருந்ததையும் குணத்தை வைத்து அளக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வருடங்களை நான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

ஒரே வீட்டில் இரண்டு பேர்

வெளியே கதவு திறந்திருப்பது பாதிக் கதை. வீட்டுக்குள் படி இருக்கிறதா என்பது மீதிக் கதை. எம்.பி.பி.எஸ். முடித்தவனின் மனதில் இருக்கும் பெரிய கேள்வி சம்பளம் அல்ல, "அடுத்து என்ன படிக்கப் போகிறேன்?" என்பதுதான். வெறும் எம்.பி.பி.எஸ். என்றால் நம் ஊர் ஜனங்களே மதிப்பதில்லை. "ஸ்பெஷலிஸ்டா?" என்று கேட்கிறார்கள். எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேல் மாணவர்கள். முக்கியமான மேற்படிப்புத் துறை ஒவ்வொன்றிலும் இடங்கள் விரல் விட்டு எண்ணும்படி. மற்றவர்கள் எங்கே போவார்கள்?

1983-இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என் மேஜைக்கு வந்தார். மகன் எங்கள் கல்லூரியில் படித்து முடித்தவன், அமெரிக்கத் தேர்வும் எழுதித் தேறிவிட்டான். அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சார், அந்தக் கவரை மட்டும் அனுப்பாம வச்சிருங்க. கொஞ்ச நாள் போனா மனசு மாறிருவான்" என்றார். சட்டப்படி விண்ணப்பித்தவனுக்குச் சான்றிதழை நிறுத்திவைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினேன். "உட்காருங்க அய்யா" என்றேன், உட்காரவில்லை. மகன் மூளை அறுவை சிகிச்சை படிக்க ஆசைப்பட்டான். இங்கே இரண்டு முறை முயன்று இடம் கிடைக்கவில்லை. உறை போனது, அவனும் போனான்.

அதே மனிதர் 1992-இல் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சிரித்த முகம். மகளும் எங்கள் கல்லூரியில்தான் படித்தாள். ஹவுஸ் சர்ஜன் முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, சில வருடம் கிராமத்தில் இருந்த பிறகு, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான இடத்தில் அவளுக்கு டி.ஜி.ஓ. கிடைத்துவிட்டது. அதற்கான சான்றிதழ்களுக்கு மகளோடு வந்திருந்தார். அந்தப் பெண் பிறகு அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றாள்.

ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே கல்லூரி. பையன் ஆசைப்பட்ட படிப்புக்கு இங்கே படி இல்லை. பெண்ணுக்குப் படி இருந்தது, அந்தப் படி கிராமத்தின் வழியாகவே போனது. பெண் பிள்ளையைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்ப அப்பா அன்றைக்குச் சம்மதித்திருப்பாரா என்பதும் உண்டு. அவளிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்நாடு போட்ட படி

நம் மாநிலம் இந்த விஷயத்தில் செய்த ஒரு காரியத்தை நாமே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றும். மேற்படிப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு ஒதுக்கி வந்தோம். கிராமத்தில் வேலை பார்த்தால் மேற்படிப்புக்கு வழி. மலைப்பகுதி, எட்டாத ஊர் என்றால் கூடுதல் மதிப்பெண். படித்து முடித்தபின் ஓய்வு பெறும்வரை அரசுப் பணி என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். போகாதே என்று யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இருந்தால் உனக்கு இது கிடைக்கும் என்று காட்டினோம். தாலுகா ஆஸ்பத்திரியில்கூட மகப்பேறு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருப்பது இப்படித்தான் வந்தது. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இறந்த தாய்மார் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்குச் செவிலியர், சாலை, பெண் கல்வி என்று பல காரணங்கள் உண்டு. இருந்த டாக்டர்களும் ஒரு காரணம்.

இன்னொன்று, யாரைப் படிக்கவைக்கிறோம் என்பது. தில்லி எய்ம்ஸ் கல்லூரியில் 1989 முதல் 2000 வரை படித்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. அவர்களில் பாதிக்கும் சற்று மேலானவர்கள், ஏறத்தாழ 54 சதவீதம், வெளிநாட்டில் இருந்தார்கள். பொதுப் பிரிவில் சேர்ந்தவர்களைவிட இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் வெளியே போனது மிகக் குறைவு. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைக்குத் தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், ஊர்க்கடன் எல்லாம் முதுகில் இருக்கும். அவனுக்கு அமெரிக்காவில் மாமா இல்லை, விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆளும் இல்லை. அரசு வேலை என்பதே அவன் வீட்டுக்குத் திருவிழா. என் மேஜைக்கு உறை கேட்டு வராதவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

இருப்பதற்கு மூன்றாவது காரணமும் உண்டு. திரும்பி வர ஓர் இடம். மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தில் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் தங்கை டாக்டர் நாச்சியாரும், நாச்சியாரின் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்றார்கள், திரும்பி மதுரைக்கே வந்தார்கள். வந்தால் செய்ய வேலை காத்திருந்தது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இவர்களைத் தியாகிகள் என்று மாலை போடுகிறோம், சரிதான். ஆனால் அவர்கள் பின்னால் நூற்றுக்கணக்கான இளம் டாக்டர்கள் நின்றார்களே, அவர்கள் தியாகத்துக்காக மட்டும் நின்றதாக நான் நினைக்கவில்லை. வேறெங்கும் ஒரு வருடத்தில் கற்க முடியாததை அங்கே ஒரு மாதத்தில் கற்றார்கள்.

கணக்கைச் சரியாகப் போடுவோம்

போனவர்கள் மேல் கேள்வியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு டாக்டரை உருவாக்க அரசு செலவழிப்பது பெரிய தொகை. மாணவன் கட்டும் கட்டணம் அதில் ஒரு துளி. அந்தச் செலவின் பலனை இங்கிலாந்தும் அமெரிக்காவும் இலவசமாக எடுத்துக்கொண்டன. பணக்கார நாடு தன் மாணவர் எண்ணிக்கையைத் தப்பாகக் கணக்கிட்டதற்கு, ஏழை நாடு ஈடு கட்டியது. இந்தக் கடனை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. போனவர்களில் பலர் படித்த கல்லூரிக்கு நூலகமும் கருவிகளும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், என் கையாலேயே ரசீது எழுதியிருக்கிறேன். அது நல்ல மனசு. ஆனால் பிரசவ வார்டில் நள்ளிரவில் இல்லாத டாக்டருக்கு அது ஈடாகாது.

அதேபோல், இருந்தவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். குடியிருப்பு ஒழுகுகிறது என்று எழுதிய கடிதங்கள் கோப்பிலேயே தூங்கியதுண்டு. நோயாளி இறந்தால் டாக்டரை அடிக்கக் கூட்டம் கூடுகிறது. 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் சம்பளத்துக்கும் மேற்படிப்பு ஒதுக்கீட்டுக்கும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. காரணம், 2017 வாக்கில் அகில இந்திய விதிகளைக் காட்டி அந்தப் பாதி இடங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம், அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் வந்த அந்தச் செய்தியை எத்தனை பேர் படித்தோம்? ஆனால் உங்கள் பேத்தியின் பிரசவத்துக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பாரா என்பது அந்தத் தீர்ப்பில்தான் இருந்தது.

2020-இல் தமிழ்நாடு இன்னொரு சட்டமும் செய்தது. அரசுப் பள்ளிகளில் படித்து நீட் எழுதிய மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்கள். செங்கல் சூளையிலும் தையல் மெஷினிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. முதலில் சேர்ந்த அந்த அரசுப் பள்ளி மாணவர்கள் படிப்பை முடித்து வெளியே வருகிற காலம் இது. போகவும் தெரியும், இருக்கவும் தெரியும் அவர்களுக்கு. வெளிநாட்டுத் தேர்வு எப்படி எழுதுவது என்று சொல்லித்தர இப்போது மாமா தேவையில்லை, கையில் போன் இருக்கிறது. பிரிட்டனில் மறுபடியும் ஆள் பற்றாக்குறை வந்து, கதவு மறுபடியும் சில காலம் திறந்திருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவரை நீங்கள் சந்தித்தால், "வெளிநாடு போயிடுவியா?" என்று கேட்காதீர்கள். "மேலே என்ன படிக்கப் போற? அதுக்கு இங்கே இடம் இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் நம் ஊருக்கு ஒரு டாக்டர் உண்டு. இல்லை என்று சொன்னால், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லுமுன், இடம் ஏன் இல்லை என்று நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைக் கேட்போம்.